வீட்டுத் தோட்டத்தை 3டி-யில் வரையப் போறீங்களா? முதல்ல சாஃப்ட்வேருக்கு உங்க ஊரைச் சொல்லுங்க!

வீடு கட்டி முடிச்சாச்சு. காம்பவுண்ட் சுவரும் எழுப்பியாச்சு. முன்பக்கம் கொஞ்சம் தோட்டம் போடலாம் என்று விசாரித்தால், மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு 3டி படம் வந்து விழுகிறது. பச்சைப் பசேல்னு புல்தரை, வளைஞ்சு போகிற நடைபாதை, ஓரத்தில் உருண்டை உருண்டையாக வெட்டின செடிகள். கூடவே ஒரு கொடேஷன். படம் அழகாகத்தான் இருக்கு. ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் வெயில் எந்த ஊர் வெயில்? அந்தப் புல்லுக்கு யார், எங்கிருந்து தண்ணி ஊத்துறது?

இந்தப் படங்களை உருவாக்கும் சாஃப்ட்வேர்களில் சிலவற்றை நாமே இலவசமாகத் திறந்து பார்க்க முடியும். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆனால் எதை முதலில் தொடணும், எங்கே ஏமாறுவோம் என்பது தெரியணும். அதை இங்கே பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு ஊர் வேண்டும். திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டை வட்டத்தில் இருக்கும் சேவுகம்பட்டி பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். தை 3-ம் தேதி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழத்தைச் சூறை விடுவாங்களே, அதே ஊர்தான்.

இந்த ஊரை எடுக்க ஒரு காரணம் இருக்கு. பக்கத்தில் உள்ள வத்தலகுண்டு வழியாகத்தான் கொடைக்கானல் மலைப்பாதை ஏறுகிறது. மேலே போனால் 1908-ல் உருவான பிரையண்ட் பூங்கா, அதன் புல்தரை, பூப்பாத்திகள். பார்த்துவிட்டு இறங்கும் பலருக்கும் ‘நம்ம வீட்டு முன்னாடியும் இப்படி ஒண்ணு’ என்ற ஆசை வந்துவிடும். கொடைக்கானல் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். கீழே இருப்பது வறண்ட சமவெளி. இந்த வித்தியாசம் நமக்குத் தெரியும், சாஃப்ட்வேருக்குத் தெரியாது.

எந்த சாஃப்ட்வேர்?

தோட்ட வடிவமைப்புக்குப் பரவலாகப் பேசப்படும் பெயர் ஸ்கெட்ச்அப். 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெளியானது. 2006-ல் கூகுள் வாங்கியது, 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகவே பயன்படுத்தும் ‘ஸ்கெட்ச்அப் ஃப்ரீ’ இலவசம். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதில் வரைந்து கொடுத்துக் காசு வாங்கும் தொழிலுக்கு, சந்தா கட்டும் பதிப்புதான் எடுக்கணும்.

போனிலேயே முடிச்சிடலாமா? முழுசா முடியாது. ஆண்ட்ராய்டு போனுக்கான ஸ்கெட்ச்அப் ஆப், வரைந்ததைத் திறந்து சுற்றிப் பார்க்கத்தான். போனில் தொட்டுத் தொட்டு வரைய பிளானர் 5டி மாதிரி ஆப்கள் இருக்கு. ஆனா அவை வீட்டு உள் அலங்காரத்தை மனசில் வைத்துச் செய்யப்பட்டவை, தோட்டம் அதில் ஒரு ஓரம்.

தோட்டத்துக்கென்றே இருக்கும் ரியல்டைம் லேண்ட்ஸ்கேப்பிங் போன்றவை விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான் ஓடும், விலை கொடுத்து வாங்கணும். இன்ஜினியர்கள் கையில் இருப்பது ஆட்டோகேட். 1982-ல் இருந்து வருவது. துல்லியமான வரைபடத்துக்கு அது கில்லாடி. ஆனால் நம்ம வீட்டு வாசலில் செம்பருத்தி எங்கே வைக்கலாம் என்று பார்க்க அவ்வளவு பெரிய கருவி வேண்டியதில்லை. எனவே இந்தக் கட்டுரை ஸ்கெட்ச்அப்பை வைத்தே போகிறது. மற்றதில் பட்டன் இருக்கும் இடம் மாறும், அவ்வளவுதான்.

திறந்ததும் முதல் ஒரு மணி நேரம்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னாடி டேப்பை எடுங்க. கூகுள் எர்த்தில் மனையின் மேல் கோடு இழுத்து அளந்துவிடலாம் என்று தோன்றும். சாட்டிலைட் படத்தில் சில அடிகள் முன்பின் வரும். ஊர்ச் சாலைக்கு அது பரவாயில்லை, 40 அடி மனைக்குத் தாங்காது. கூகுள் எர்த் வேறொரு வேலைக்கு உதவும். கம்ப்யூட்டருக்கான கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். அதில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். மனை இருந்த இடத்தில் முன்னே வாய்க்கால் ஓடியதா, பக்கத்தில் குட்டை இருந்ததா என்பது சில சமயம் அதில் சிக்கும்.

ஒரு கணக்குக்கு, 40 அடி அகலம், 54 அடி நீளம் என்று வைப்போம். 2,160 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது கிட்டத்தட்ட 5 சென்ட்.

ஸ்கெட்ச்அப்பைத் திறந்ததும் எந்த அளவில் வரையப் போகிறோம் என்பதைத் தேர்வு செய்யணும். அடி-அங்குலம் எடுத்தால் முதல் வலை இங்கேயே இருக்கு. செவ்வகக் கருவியை எடுத்து 40, 54 என்று தட்டினால் அது அடி இல்லை, அங்குலம்! மனை ஒரு கட்டில் சைஸுக்குக்கூட வராது. எண்ணுக்குப் பக்கத்தில் அடிக்கான ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டால்தான் அடியாகக் கணக்கு வரும். இதில் மாட்டாதவர்கள் ரொம்பக் குறைவு.

அடுத்து வீடு. 25-க்கு 40 அடி என்று இன்னொரு செவ்வகம். ‘புஷ்/புல்’ என்ற கருவியை எடுத்து அதன் மேல் வைத்து மேலே இழுத்து 11 அடி என்று தட்டினால் வீடு எழும்பி நிற்கும். ஸ்கெட்ச்அப் இவ்வளவு பிரபலமானதற்கு இந்த ஒரு கருவிதான் முக்கியக் காரணம். எழும்பியதும் வீட்டை மூன்று முறை கிளிக் செய்து ‘குரூப்’ ஆக்கிடுங்க. இல்லைன்னா வீடும் தரையும் ஒட்டிக்கும். பிறகு சுவரை நகர்த்தினால் தரையும் சேர்ந்து இழுபடும். இடமே தெரியாமல் தொலைந்து போய்விட்டால் ‘ஜூம் எக்ஸ்டென்ட்ஸ்’ பட்டனை அழுத்துங்க, எல்லாம் திரும்பக் கண்ணுக்கு வரும்.

வீடு மட்டும் போட்டால் போதாது. தண்ணித் தொட்டி, செப்டிக் டேங்க், போர் பைப், துணி துவைக்கிற கல், கொடிக்கயிறு கட்டும் இரண்டு கம்பம், பைக் நிற்கும் இடம், வாசலில் கோலம் போடும் இடம்... இவை எல்லாமே படத்தில் வரணும். விளம்பரப் படங்களில் இதெல்லாம் இருக்காது. செப்டிக் டேங்க் மேலேயே மரம் வைக்கும் திட்டங்கள் அப்படித்தான் உருவாகின்றன.

வெயில் எந்தப் பக்கம்? இங்கதான் விஷயமே

ஸ்கெட்ச்அப்பில் ‘ஷேடோஸ்’ என்ற வசதி இருக்கு. மாசத்தையும் நேரத்தையும் நகர்த்தினால் சுவர் நிழல், மர நிழல் எல்லாம் தரையில் நகரும். தோட்டம் போடுபவருக்கு இதைவிட உபயோகமான ஒன்று இந்த சாஃப்ட்வேரில் இல்லை. எந்த மூலையில் எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்று செடி வாங்குவதற்கு முன்னாடியே பார்த்துவிடலாம்.

ஆனால் ஊரைச் சொல்லலைன்னா அது எந்த ஊர் நிழலைக் காட்டும் தெரியுமா? ஸ்கெட்ச்அப்பின் வழக்கமான டெம்ப்ளேட்டில் நீண்ட காலமாக இருந்து வரும் ஊர், அது பிறந்த போல்டர் நகரம். கொலராடோ மாநிலம், வட அட்சரேகை 40 பாகை. சேவுகம்பட்டி இருப்பது சுமார் 10 பாகையில்.

இதனால் என்ன வித்தியாசம் என்றால், 10 அடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கங்க. டிசம்பர் 22 நடுப்பகலில் போல்டரில் அதன் நிழல் வடக்கே 20 அடி நீளும். சேவுகம்பட்டியில் அதே நாள் ஆறரை அடிதான். ஜூன் 21-ல் கதை இன்னும் மாறுது. போல்டரில் நிழல் 3 அடி, விழுவது வடக்குப் பக்கம். சேவுகம்பட்டியில் நிழல் இரண்டரை அடிக்குள், ஆனா விழுவது தெற்குப் பக்கம்!

ஆமாம், தெற்குப் பக்கம்தான். நம்ம ஊரில் ஏப்ரல் மத்தியில் சூரியன் நடுத்தலைக்கு வந்து, அதற்குப் பிறகு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பவும் தலைக்கு மேல் வந்து தெற்கே போகிறது. அதாவது வருஷத்தில் நாலு மாசத்துக்கும் மேல், கத்திரி வெயில் உட்பட, நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். காலையிலும் மாலையிலும் இன்னும் வடக்கே சாய்ந்திருக்கும்.

அமெரிக்க, ஐரோப்பிய தோட்டப் புத்தகங்களிலும் யூடியூப் வீடியோக்களிலும் ‘வீட்டின் வடக்குப் பக்கம் எப்பவும் நிழல், அங்கே நிழல் செடி வையுங்கள்’ என்று சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. வடக்குப் பார்த்த வாசல் உள்ள சேவுகம்பட்டி வீட்டில் அதை நம்பி, திண்ணை ஓரத்தில் பெரணி, மணி பிளான்ட் என்று வைத்தால் டிசம்பரில் ஜோராக இருக்கும். மே மாசம் இலை கருகும். செடி வித்தவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

சரி செய்வது சுலபம். செட்டிங்ஸில் ‘லொகேஷன்’ என்ற இடத்தைத் தேடி ஊரைக் கொடுக்கணும். நேர மண்டலம் +5:30 என்று இருக்கான்னு பார்க்கணும். அப்புறம் வடக்கு. ஸ்கெட்ச்அப்பில் பச்சை அச்சு போகும் திசைதான் வடக்கு. மனையை அந்தத் திசைக்கு ஏற்ப வைக்கணும். போனில் உள்ள திசைகாட்டி போதும், ஆனால் இரும்பு கேட் பக்கத்திலோ பைக் மேலே வைத்தோ பார்க்காதீங்க, முள் தடுமாறும். மனை நடுவில் நின்று இரண்டு மூன்று தடவை பாருங்க.

சாஃப்ட்வேர் சொல்வது சரியா என்று சோதிக்க ஒரு குச்சி போதும். 3 அடிக் குச்சியை நேராக நட்டு, காலை 9 மணி, பகல் 12.20, மாலை 4 மணிக்கு நிழல் நுனியில் கல் வையுங்க. 12 மணி இல்லாமல் 12.20 ஏன்? இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே 78 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதனால் சூரியன் உச்சிக்கு வர சராசரியாக 20 நிமிஷம் போல தாமதமாகும். மாசத்துக்கு மாசம் இது கொஞ்சம் முன்பின் போகும். அன்றைய தேதியைப் போட்டால், கம்ப்யூட்டரில் விழும் நிழலும் கல் வைத்த இடமும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா வடக்கு தப்பு, இல்லை ஊர் தப்பு.

செடி லிஸ்ட்டில் மேப்பிள் இருக்கு, புங்கன் எங்கே?

ஸ்கெட்ச்அப்பின் ‘3டி வேர்ஹவுஸ்’ என்ற இலவசக் கிடங்கில் மரம், செடி, பெஞ்ச் எல்லாம் கொட்டிக் கிடக்கு. ‘மரம்’ என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்கள். தோட்ட சாஃப்ட்வேர்களின் செடிப் பட்டியலும் அப்படித்தான். லாவெண்டர், டூலிப், பாக்ஸ்வுட். வாட்ஸ்அப் படத்தில் வந்த அந்த உருண்டைச் செடி பெரும்பாலும் இந்தக் கடைசி ஆள்தான்.

சில சாஃப்ட்வேர்களில் ‘ஹார்டினஸ் ஜோன்’ என்று ஒரு வடிகட்டி இருக்கும். உங்க பகுதி எண்ணைக் கொடுத்தால் பொருத்தமான செடிகளை மட்டும் காட்டும் என்பார்கள். இது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. மொத்தம் 13 மண்டலங்கள். ஒரு இடத்தில் குளிர்காலத்தில் வெப்பநிலை எவ்வளவு கீழே இறங்கும் என்பதை மட்டும் வைத்துப் பிரித்தது. செடி பனியில் செத்துப் போகுமா என்பது அவர்கள் கவலை. நம்ம சமவெளி இந்தக் கணக்கில் கடைசி ஒன்றிரண்டு மண்டலங்களுக்குள் வந்துவிடும். அதனால் நமக்கு என்ன லாபம்? நம்ம செடி சாவது பனியில் இல்லையே, ஏப்ரல் மாசம் தண்ணி இல்லாமல்தானே. அதை இந்த எண் சொல்லாது.

பெயரிலும் குழப்பம் வரும். நிலக்கோட்டை பூ மார்க்கெட் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு மல்லி என்றால் குண்டு மல்லி, இடுப்பளவு புதர். சாஃப்ட்வேரில் ஜாஸ்மின் என்று தேடினால் கம்பியில் ஏறும் கொடி வந்து நிற்கும். தாவரவியல் பெயரில் தேடுவதுதான் நல்லது. குண்டு மல்லிக்கு ஜாஸ்மினம் சம்பாக், வேம்புக்கு அசாடிராக்டா இண்டிகா, புங்கனுக்கு பொங்கேமியா. (இந்தக் கடைசிப் பெயர் நம்ம பக்கத்து ‘புங்கம்’ என்ற சொல்லில் இருந்து போனதுதான்!)

அப்பவும் கிடைக்கலைன்னா விடுங்க. மரத்துக்கு ஒரு உருளையும் மேலே ஒரு பந்தும் போதும். அது அழகாக இருக்காது, ஆனால் அளவு சரியாக இருந்தால் வேலை நடக்கும். அளவு என்றால் நர்சரியில் வாங்கும்போது இருக்கும் அளவு இல்லை, வளர்ந்து முடித்த அளவு. வேம்பு நன்றாக வளர்ந்தால் 50 அடியைத் தாண்டும். தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி 25-க்கு 25 அடி. 5 சென்டில் வீடு போக மீதி இடத்தில் 25 அடி வட்டம் ஒன்றைப் போட்டுப் பாருங்க, எத்தனை தென்னை வைக்கலாம் என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைச்சிடும். நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி, இட்லிப்பூ, மருதாணி, கறிவேப்பிலை எல்லாம் சின்ன இடத்துக்கு அடங்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ ஆடு மாடோ இருந்தால் அரளியை மட்டும் தவிர்த்திடுங்க, அதன் எல்லாப் பாகமும் விஷம்.

கிடங்கிலிருந்து இறக்கும் 3டி மரங்களில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக வரையப்பட்டிருந்தால் கம்ப்யூட்டர் திணறும். நாலு மரத்திலேயே நின்றுவிடும். அட்டையில் வெட்டிய மாதிரி இருக்கும் தட்டை மரங்களைத் தேர்வு செய்யுங்க. மரம் எல்லாத்தையும் ஒரு ‘டேக்’ கீழே போட்டுவிட்டால் தேவைப்படும்போது மட்டும் காட்டலாம், மற்ற நேரம் மறைக்கலாம்.

புல்தரை கேட்கும் தண்ணி

சாஃப்ட்வேரில் புல்தரை போடுவது ஒரு கிளிக். பச்சை நிறத்தை எடுத்துத் தரையில் தட்டினால் முடிஞ்சுது. நிஜத்தில், 500 சதுர அடிப் புல்தரைக்கு வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி என்று கணக்குப் போட்டால் தினமும் சுமார் 230 லிட்டர். மாசத்துக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர். ஒரு சின்ன டேங்கர் லாரி கொண்டு வருவதைவிட அதிகம். போரில் தண்ணி கீழே போகும் மாசங்களில் இந்தப் பச்சை நிறத்தை யார் தாங்குவது?

வரைபடத்தில் தரையின் ஒவ்வொரு பகுதியையும் கிளிக் செய்தால் அதன் பரப்பளவு காட்டும். அந்தச் சதுர அடியை 0.46-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கான லிட்டர் கணக்கு வந்துவிடும். கொடேஷனில் இந்த எண் இருக்காது. நீங்களே எழுதி வையுங்க. புல்தரையை 100 சதுர அடிக்குச் சுருக்கினால் 46 லிட்டர், நாலு குடம் தண்ணிகூட இல்லை. மீதி இடத்துக்கு ஜல்லி, செம்மண் களம், நிழல் தரும் ஒரு மரம்.

தண்ணி வருவதையும் படத்தில் காட்டலாம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 930 லிட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் அந்தக் குழி எங்கே இருக்கு என்று பல தோட்டப் படங்களில் இருக்கவே இருக்காது. நடைபாதைக் கல்லை அதன் மேலேயே பதித்து மூடிவிடுவதும் நடக்குது.

இன்னொரு விஷயம், சாஃப்ட்வேரில் தரை எப்பவும் கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும். நம்ம மனை அப்படி இல்லை. மேடு பள்ளத்தை உருவாக்கும் கருவிகள் காசு கட்டும் பதிப்பில்தான் இருக்கு. அதற்காகக் காசு கட்ட வேண்டாம், கொத்தனாரிடம் தண்ணி டியூப் இருக்கும். நாலு மூலையிலும் மட்டம் பிடித்து, எது எத்தனை அங்குலம் கீழே இருக்குன்னு படத்திலேயே எழுதிடுங்க. வீட்டிலிருந்து வெளியே 100-க்கு 1 சரிவு என்றால் 40 அடிக்குக் கிட்டத்தட்ட 5 அங்குலம் இறங்கணும். ஐப்பசி மழையில் தண்ணி எங்கே தேங்கும் என்பதை முடிவு செய்வது இந்த 5 அங்குலம்தான்.

ஏ.ஐ. படம் வரைந்து கொடுக்குதே, அது போதாதா?

வீட்டு முன்பக்கத்தை போட்டோ எடுத்துக் கொடுத்தால் சில நொடியில் தோட்டம் போட்ட மாதிரி மாற்றித் தரும் ஏ.ஐ. ஆப்கள் இப்போ நிறைய வந்துடுச்சு. ஐடியாவுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது படம்தான், வரைபடம் இல்லை. அதில் அளவு கிடையாது, வடக்கு கிடையாது, செடிக்குப் பெயர்கூட இருக்காது. சில சமயம் இல்லாத ஜன்னலைக்கூடச் சேர்த்துவிடும். அதை வைத்து ஜல்லி எத்தனை யூனிட், கல் எத்தனை என்று யாராலும் கணக்குப் போட முடியாது.

கான்ட்ராக்டர் 3டி படம் அனுப்பினால் அதோடு சேர்த்து மேலிருந்து பார்க்கும் அளவு போட்ட பிளானையும், செடிகளின் பெயர், எண்ணிக்கையையும் கேளுங்க. முடிந்தால் மே மாசம் பகல் 3 மணி நிழலோடு ஒரு படம் கேளுங்க. ஒழுங்காக வரைந்தவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. இழுத்தடித்தால், ஊரைக் கொடுக்காமலே வரைந்திருக்கிறார் என்று நினைக்க இடம் இருக்கு.

நீங்களே வரைந்திருந்தால், மேலிருந்து பார்க்கும் கோணத்துக்குப் போய் படமாகச் சேமித்து பிரிண்ட் எடுங்க. இலவசப் பதிப்பில் அளவு விகிதம் சரியாக வராமல் போகலாம் என்பதால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அடிக்கணக்கைப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுங்க. கொத்தனாருக்கு அதுதான் வசதி.

குழி தோண்டுவதற்கு முன்னாடி அந்தக் காகிதத்தைப் பார்த்து சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போடுங்க. நடைபாதை, பாத்தி, மர வட்டம் எல்லாம். ரெண்டு நாள் அப்படியே விட்டு அதற்குள் புழங்கிப் பாருங்க. கேட்டைத் திறந்து பைக்கை உள்ளே விடுங்க, துணி காயப்போடுங்க, தண்ணி பிடிச்சு எடுத்துட்டு வாங்க. கால் எந்தக் கோட்டை அழிக்குதோ, அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரில் நகர்த்திடுங்க.